முரசு ஆறும் வரை

பல்லுக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தேன் என்று சொன்னால் எங்கள் ஊர் இணுவிலில் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன். பல் என்றால் பிடுங்குவது, பஞ்சைக் கடிப்பது, ஐஸ்கிரீம் குடிப்பது, அவ்வளவுதானே என்று இருந்தவன் நான். இந்த வருடம் ஒரேயொரு முன்பல் என்னை ஆஸ்பத்திரி வாட்டில் கிடத்தி, வாயைப் பொத்திக்கொண்டு திரியவைத்து, மனைவியோடு சண்டையும் பிடிக்கவைத்துவிட்டது. இப்போது சுகம். ஆனால் அந்தக் களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. வாய்க்குள் நடப்பதை யாரும் விபரமாக எழுதுவதில்லை. வேறு யாருக்கும் இப்படி வந்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குற்றவாளி புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் கல்லு மாதிரி இறுகிவிடும். அதைக் கையால் முறித்துக் கடைவாயில் போட்டு மெல்ல ஊறவிட வேண்டும். எனக்கு எதிலும் பொறுமை குறைவு. தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் முன்பல்லால் கடித்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நோகவில்லை, இரத்தமும் வரவில்லை. ஒடியல்தான் முறிந்தது என்று சந்தோசமாக மென்று விழுங்கினேன்.

உண்மையில் முறிந்தது பல். வெளியே தெரியாமல் வேரோடு ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. சில வாரங்கள் கழித்து ஒருநாள் விடிய எழும்பியபோது மேலுதடு வீங்கியிருந்தது. மத்தியானம் மூக்கு வீங்கியது. பொழுதுபடும்போது வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கும் நான் கோயிலுக்குப் போகத்தான் வேட்டியை எடுத்தேன். மனைவி அதைப் பறித்து வைத்துவிட்டு ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினாள்.

அந்த நிலையில் ஏன் கோயில் என்று கேட்பீர்கள். எங்கள் கோயிலில் வருடாவருடம் மாதக்கணக்கில் புராணம் படிப்பார்கள், அப்போதும் அது நடந்துகொண்டிருந்தது. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருக்கிறவர் அதன் பொருளை எல்லாருக்கும் விளங்க விரித்துச் சொல்லுவார். அதைப் பயன் சொல்வது என்போம். வாசிப்பவர் நவரத்தினத்தார். பயன் சொல்பவன் நான். எங்கள் இரண்டு பேரையும் ஊரில் தனித்தனியாகச் சொல்லமாட்டார்கள். கடைசியில் வருவது சுவாமியின் திருமணப் படலம். அன்றைக்கு வாழை கட்டி, பொங்கி, பலகாரம் பரிமாறி, கோயிலே கலியாண வீடாக இருக்கும். இடம்பெயர்ந்து அலைந்த வருடங்களைத் தவிர அந்தப் படலத்துக்கு நான் பயன் சொல்லாமல் இருந்ததில்லை. இந்த வருடமும் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் உடனே வாட்டில் மறித்துப் படுக்கவைக்கச் சொன்னார். பல்லின் அடியில் பிடித்த சீழ் முகத்துக்குள் பரவிவிட்டது. முகத்தின் நடுப்பகுதியில் இருக்கிற இரத்தக் குழாய்கள் சில மூளைப்பக்கம் போகின்றனவாம். கிருமி அந்த வழியில் ஏறினால் பிறகு பல் நோய் என்ற கதையே இல்லை, உயிரைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் அதைச் சத்தம் போடாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையில் சேலைன் ஏற்றினார்கள், அதற்குள்ளாலேயே மருந்தும் போனது. முறிந்த பல்லைப் பிடுங்கிச் சீழை வடியவிட்டார்கள்.

வாட்டில் பகல் எப்படியோ போய்விடும். இரவில் விசிறிச் சத்தமும் இருமலும்தான். ஒரு கண்ணால் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் குருநகர்க்காரர் ஒருவர். படகில் விழுந்து தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் கதைக்க முடியாது, நான் கதைக்கக் கூடாது. அதனால் நல்ல சினேகிதமாகிவிட்டோம். அவருடைய மனைவி சந்தையில் மீன் விற்றுவிட்டு நேரே வருவா. எனக்கும் ஒரு போத்தலில் மீன் சூப் கொண்டுவந்தா. நான் விரதக்காரன் என்று என் மனைவி சொன்னதும் அந்த மனுசிக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. அடுத்த நாள் இளநீர் கொண்டுவந்தா. அதற்குப் பிறகு நாங்கள் வீடு போகும்வரை இளநீர் நிற்கவில்லை. என் மனைவி இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டுவருவாள். அரிக்காத கஞ்சி எனக்கு இறங்காது என்று அங்கேயே துணியில் வடித்துத் தருவாள். இவ்வளவு காலமும் நான் அவளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததில்லை என்பது அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

வீக்கம் வற்றி வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் முன்னால் ஒரு ஓட்டை. அழகு போனதைப் பற்றிக் கவலையில்லை, இந்த வயதில் எனக்கு யார் பொம்பிளை பார்க்கப்போகிறார்கள். ஆனால் வாய் திறந்தால் காற்றுப் போகும். ‘தேவர்கள்’ என்று சொல்ல வெளிக்கிட்டால் பாதி சொல் ஓட்டையால் போய்விடும்.

பல் பிடுங்கிய புண் ஆறியதும் நகரத்தில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த டொக்டர் இளம் பெண்பிள்ளை. கழற்றி மாட்டுகிற கட்டுப்பல் வேண்டாம், பிறிட்ஜ் கட்டலாம் என்றா. பாலம்தான் அது. போன பல்லுக்கு இரண்டு பக்கத்திலும் நிற்கிற பற்களைச் சுற்றிவரத் தேய்த்துச் சிறிதாக்கி, அவற்றின் மேல் தொப்பி மாதிரி இரண்டும், நடுவில் தொங்குகிற ஒன்றுமாக, மூன்றையும் ஒரே துண்டாகச் செய்து ஒட்டிவிடுவார்கள். முந்திய காலத்தில் வாய் நிறையப் பசையை வைத்து அச்சு எடுப்பார்கள். இப்போது பேனை மாதிரி ஒரு கமெராவை வாய்க்குள் விட்டுப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கொழும்புக்கு அனுப்ப, அங்கே ஒரு மெசின் வெள்ளைக் கட்டியிலிருந்து பல்லைச் செதுக்கித் தருமாம். மயிரிழை பிசகாது என்றா. எனக்கு அதைக் கேட்டதும் பாதிச் சுகம் வந்துவிட்டது.

விறைப்பு ஊசி போட்டு இரண்டு பல்லையும் தேய்த்தா. தேய்த்த சத்தத்தைப் பற்றி எழுதமாட்டேன், வாசிப்பவர்களுக்கும் கூசும். அதற்குப் பிறகுதான் நான் கேள்விப்படாத வேலை ஒன்று நடந்தது. ஈறை எங்கள் பக்கத்தில் முரசு என்போம். அந்த முரசுக்கும் பல்லுக்கும் இடையில் மருந்தில் தோய்த்த மெல்லிய நூல் ஒன்றை, மொட்டையான சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவர அமத்தினா. சட்டைக் கழுத்துப் பட்டியை மடித்துவிட்டுக் கழுத்தைப் பார்ப்பது போலத்தான். தேய்த்த பல்லின் விளிம்பு முரசுக்குள் ஒளித்திருக்கும். நூல் முரசை விலத்திப் பிடித்தால்தான் கமெராவுக்கு அந்த விளிம்பு தெரியும். தெரியாத இடத்தை மெசின் தன் பாட்டில் நிரவி வைத்துவிடும்.

நூலை இழுத்தபோது அது சிவப்பாக வந்தது. டொக்டர் பஞ்சால் ஒற்றினா, மருந்து வைத்தா, காற்று ஊதினா. நின்றது மாதிரி இருந்தது. அந்த இடைவெளியில் படம் பிடித்தா. எனக்குத் திரையில் என் பற்கள் துண்டு துண்டாகத் தோன்றி ஒன்றுசேர்வதைப் பார்க்க அதிசயமாக இருந்தது. இடையில் ஓரிடத்தில் அவ புருவத்தைச் சுருக்கியதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பிறிட்ஜ் வரும்வரை பிளாஸ்ரிக்கில் தற்காலிகப் பல் ஒன்று ஒட்டிவிட்டா. அதோடு கோயிலுக்குப் போய்ப் பயன் சொல்லலாம் என்று நினைத்தேன். எதற்கும் ஒத்திகை பார்ப்போம் என்று வெங்காயப் பாத்திகளுக்கு முன்னால் நின்று போர்க்களக் கட்டம் ஒன்றைச் சொன்னேன். சூடேறி, அசுரர் படை சிதறியது என்று கையை வீசியபோது பல் வாயிலிருந்து பறந்து வாய்க்கால் சேற்றில் விழுந்தது. மனைவியும் நானும் குனிந்து தேடி எடுத்தோம். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புராணப் புத்தகம் பட்டு விரித்த பலகையில் பூ வைத்து இருக்கிற பொருள். என் எச்சிலோடு ஒரு பிளாஸ்ரிக் பல் அதன்மேல் விழுந்தால் நான் பிறகு எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவது? உறுதியான பல் வரும்வரை கோயில் பக்கம் போவதில்லை என்று இருந்துவிட்டேன்.

போகாவிட்டாலும் மனம் அங்கேதான். நவரத்தினத்தார் வேகமாக வாசிக்கிறவர். நான் இழுத்துப் பிடிக்காவிட்டால் திருமணப் படலம் இந்த மாதமே வந்துவிடும். இன்ன நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டு எங்கள் கோயிலில் இல்லை, படித்து முடிகிற நாள்தான் முடிவு. எனக்குப் பதிலாகப் பயன் சொல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடலாமா என்று கோயிலில் கதை அடிபட்டதாகவும் மனைவி சொன்னாள். என்னுடைய இடம் போகப்போகிறது என்று உண்மையாகவே பயந்தேன்.

பிறகு இன்னொரு செய்தி வந்தது. நவரத்தினத்தாருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். இரண்டு மூன்று பாட்டு வாசிப்பார், இருமுவார், அன்றைக்கு அவ்வளவுதான் என்று புத்தகத்தை மூடிவிடுவார். இந்த மூன்று பாட்டுக்குப் பயன் சொல்ல ஆளெதற்கு என்று ஆசிரியரின் கதையும் நின்றுவிட்டது. சனம் முறுமுறுத்தது. எனக்கு மனிசனை நினைத்துக் கவலையாகிவிட்டது. எனக்குப் பல், அவருக்குத் தொண்டை, இந்த வருடம் சுவாமிக்குக் கலியாணம் நடந்த மாதிரித்தான் என்று நினைத்தேன். மல்லியும் இஞ்சியும் போட்டு அவித்துப் போத்தலில் அடைத்து மனைவியிடம் நாள் தவறாமல் கொடுத்துவிட்டேன்.

பிறிட்ஜ் வந்தது. பார்த்தால் சொந்தப் பல்தான், நிறம்கூட அப்படியே. டொக்டர் அதை இருத்திப் பார்த்தா. கூரான கொக்கி ஒன்றால் விளிம்பை ஓட்டிப் பார்த்தபோது ஓரிடத்தில் ‘கிளிக்’ என்று தடக்கியது. திரும்ப ஓட்டினா, அதே இடத்தில் தடக்கியது. சின்ன எக்ஸ்றே ஒன்று எடுத்தா. தொப்பிக்கும் பல்லுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கீறு.

“ஐயா, இது சரியா இருக்கேல்லை. நான் இதை ஒட்டமாட்டன்.”

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நகக்கண் அளவு இடைவெளிதானே, ஒட்டிவிடுங்கோ என்று கெஞ்சினேன். கோயில், புராணம், கலியாணப் படலம் எல்லாம் சொன்னேன். அவ பொறுமையாகக் கேட்டா. அந்த இடைவெளிக்குள் சாப்பாடும் கிருமியும் போய்த் தங்கும், பிறிட்ஜைத் தாங்கி நிற்கிற இரண்டு நல்ல பல்லும் உள்ளுக்குள்ளால் உக்கும், ஒன்று போனதற்கு மூன்று போகும் என்று விளக்கினா. படம் பிடித்த அன்று இரத்தம் முழுதாக நிற்கவில்லை, நின்றுவிட்டது என்று தான் நினைத்தது பிழை என்றும் சொன்னா. ஒரு டொக்டர் தன் பிழையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முரசு ஏன் இப்படிச் சிவந்து ஊதிக் கிடக்கிறது என்பதுதான் அவவுக்கு விளங்கவில்லை. பற்களை ஒழுங்காகச் சுத்தம் செய்கிறேனா என்று கேட்டா. விடிய எழும்பிப் பல் விளக்காமல் பச்சைத்தண்ணியும் வாயில் படாது என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அது பொய்யில்லை. அப்போது கதவடியில் கதிரையில் இருந்த என் மனைவி வாயைத் திறந்தாள்.

“பிள்ளை, இவர் புராணம் முடியுமட்டும் விரதம். விரதத்திலை பிறஷ் தொடமாட்டார். மாவிலையாலை தேய்ச்சுத் தண்ணியாலை கொப்புளிக்கிறதுதான்.”

டொக்டர் கையில் இருந்த கொக்கியைக் கீழே வைத்தா.

“எவ்வளவு நாளா ஐயா?”

“ஒவ்வொரு வருசமும்” என்றாள் மனைவி, நான் பதில் சொல்லுமுன்.

இதை நான் விளக்க வேண்டும். விரத நாளில் பற்குச்சியோ பிறஷ்ஷோ கூடாது, இலையால் துடைத்து, பன்னிரண்டு வாய் தண்ணீர் கொப்பளிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் என் தகப்பன் காலத்து ஒழுங்கு. மற்றவர்களுக்கு விரதம் ஒருநாள், இரண்டு நாள். எனக்கோ புராணம் தொடங்கி முடிகிற மாதக்கணக்கு. மாவிலை பல்லைத் துடைக்கும், பல்லும் முரசும் சந்திக்கிற இடுக்குக்குள் போகாது. அங்கே படிந்த அழுக்கில் முரசு புண்ணாகி, தொட்டால் இரத்தம் வடிகிற நிலைக்கு வந்துவிட்டது. இரத்தம் விளிம்பை மூடியது. மூடிய இடத்தை மெசின் தன் பாட்டில் நிரவியது. மயிரிழை பிசகாத மெசின், நான் பக்தியோடு தேய்த்த மாவிலையிடம் தோற்றுப்போனது.

டொக்டர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. விரதத்தை விடச் சொல்லவில்லை, மெல்லிய நாருள்ள பிறஷ்ஷால் முரசோரத்தை இரண்டு வேளையும் துலக்கினால் போதும், பேஸ்ற் பிடிக்காவிட்டால் உப்புத் தண்ணி காணும், முரசு ஆறிய பிறகு திரும்பப் படம் பிடிப்போம் என்றா. அதற்கு இரண்டு வாரமாவது செல்லும். பிறகு கொழும்பிலிருந்து வரவேண்டும். கணக்குப் பார்த்தால் அதற்குள் திருமணப் படலம் முடிந்துவிடும் போலிருந்தது.

பஸ்ஸில் மனைவிக்குப் பக்கத்தில் இருக்காமல் வேறு சீற்றில் இருந்து வந்தேன். வீட்டுக்கு வந்துதான் வெடித்தேன். முன்பின் தெரியாத பிள்ளைக்கு முன்னால் என் விரதத்தை ஏன் இழுத்தாய் என்று கேட்டேன். அவள் மரக்கறி வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்.

“கஞ்சி வடிச்சு வடிச்சு என்ரை கை ஓய்ஞ்சு போச்சு. இனியும் ஒருக்கா உங்களை அந்தக் கட்டில்லை பாக்க எனக்கு ஏலாது.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் விரதத்தில் பிறஷ் தொட மனம் ஒப்பவில்லை. கடைசியில் நவரத்தினத்தாருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் என்னைப் போல விரதம் காக்கிறவர். ஆசாரத்தில் என்னைவிட ஒரு படி கூட. அவர் ‘கூடாது’ என்று சொன்னால் கூடாது என்று இருப்போம் என நினைத்தேன். அவர் சொன்ன முதல் ‘ஹலோ’ மணி அடித்தது போல இருந்தது. என் குரலைக் கேட்ட பிறகு இருமல் தொடங்கியது. நான் கதையைச் சொல்லி முடித்தேன்.

“தம்பி, நான் போன வருசமே பிறஷ் எடுத்திட்டன்” என்றார் கரகரத்த குரலில். “முரசு நொந்து ஏலாமப் போச்சு. உமக்குச் சொன்னா ஏசுவீர் எண்டுதான் சொல்லேல்லை.”

அன்று பின்னேரமே சந்திக் கடையில் பிறஷ் வாங்கினேன். சுவாமி அறையைப் பார்க்காமல் கிணற்றடியில் மறுபக்கம் திரும்பி நின்று துலக்கினேன். முதல் சில நாள் உப்புத் தண்ணி சிவப்பாக வந்தது. பிறகு மங்கியது. பிறகு தெளிந்த தண்ணியே வந்தது. எரிச்சல் பட்டுக்கொண்டே செய்தேன், ஆனால் ஒரு வேளையும் விடவில்லை.

திரும்பக் கிளினிக்குக்குப் போனோம். திரும்ப ஊசி, திரும்ப நூல். எனக்கு இந்தக் கதிரையே வெறுத்துப்போயிருந்தது. டொக்டர் நூலை மெல்ல இழுத்து எடுத்து, என் கண்ணுக்கு நேரே பிடித்தா. போனபோது எப்படி வெள்ளையாக இருந்ததோ அப்படியே வெள்ளையாக வந்திருந்தது. என் மனைவி கதிரையை விட்டு எழும்பி வந்து பார்த்தாள். திரையில் இந்த முறை பல்லின் விளிம்பு சுற்றிவரக் கோடு கீறியது போல் தெளிவாக இருந்தது.

புது பிறிட்ஜ் வந்து இருத்திய அன்று கொக்கி எங்கேயும் தடக்கவில்லை. டொக்டர் சுற்றிவர ஓட்டினா, ஒரு சத்தமுமில்லை. எக்ஸ்றேயிலும் கீறு இல்லை. நாக்கால் தடவிப் பார்க்கச் சொன்னா. என் பல் எங்கே முடிகிறது, அவர்கள் செய்தது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒட்டி முடித்ததும் ‘தேவர்கள்’ என்று சொல்லிப் பார்த்தேன். சொல் முழுதாக வந்தது.

அன்றைக்கே கோயிலுக்குப் போனேன். முடிந்திருக்கும், அல்லது முடிகிற கட்டத்தில் இருக்கும், ஓரமாக இருந்து கேட்டுவிட்டு வருவோம் என்று தூணோடு ஒதுங்கினேன். நவரத்தினத்தார் கண்டுவிட்டார். பக்கத்தில் கிடந்த பாயைக் கையால் தட்டினார். போய் இருந்து புத்தகத்தைப் பார்த்தேன். திருமணப் படலத்தின் முதல் பாட்டு. அதில் ஒரு பாட்டுக்கூட இன்னும் வாசிக்கப்படவில்லை.

“பல்லு இறுக்கமோ, தம்பி?” என்று கேட்டார் மெதுவாக.

“இறுக்கம், அண்ணை. உங்கடை தொண்டை?”

“அது இண்டைக்குச் சுகம். இனி மல்லித்தண்ணி அனுப்பாதையும்.”

சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அந்தக் குரல் வெளிவீதி வரைக்கும் போனது. இருமலுமில்லை, கரகரப்புமில்லை. இத்தனை நாளும் மூன்று பாட்டோடு எழும்பிப் போன சனம் ஆளையாள் பார்த்தது. எனக்குக் கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் அவர் நிறுத்தி, திரும்பி என் வாயைப் பார்த்தார். நான் பயன் சொல்லத் தொடங்கினேன்.